தேவை தீர்ந்த பிறகு வந்த மதிப்பு

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் ‘அஸ்ட்ரான்’ என்ற குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை நான்கரை லட்சம் யென். அந்தப் பணத்துக்கு அப்போது ஜப்பானில் ஒரு சிறிய காரே கிடைக்கும். ஆனால் மாதத்துக்கு ஐந்து விநாடிக்கு மேல் அது பிசகாது. பற்சக்கரத்தையும் சுருள்வில்லையும் வைத்துத் துல்லியத்தைத் தேடிய நெடுங்காலப் போட்டி அன்றோடு முடிந்தது. குவார்ட்ஸ் விலை மளமளவென்று இறங்க, 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்குச் சோறு போட்ட சுவிஸ் கடிகாரத் தொழிலில் எண்பதுகளின் நடுவில் மூன்றில் ஒரு பங்கினரே மிஞ்சினர்.

சிக்கலான இயந்திரக் கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் பெருகியது இந்தச் சரிவுக்குப் பிறகுதான். முன்பும் சேகரித்தவர்கள் உண்டு. நியூயார்க் வங்கியாளர் ஹென்றி கிரேவ்ஸுக்காக பதேக் ஃபிலிப் நிறுவனம் 24 சிறப்புச் செயல்களோடு செய்த சட்டைப்பைக் கடிகாரம் 1933இல் அவர் கைக்கு வந்தது. ஆனால் அவர் காலத்தில் மணி பார்க்க எல்லோருக்கும் இயந்திரம்தான் கதி. இன்று வாங்குபவருக்கு அந்தத் தேவை இல்லை. பிறகு எதற்காக வாங்குகிறார்?

‘நிரந்தர நாட்காட்டி’ எனப்படும் பொறியமைப்பைப் பார்த்தால் விடை புலப்படும். அதற்குள் நான்கு ஆண்டுகளுக்கு ஒரே ஒரு சுற்று சுற்றும் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதன் விளிம்பில் 48 மாதங்களும் மேடும் பள்ளமுமாக வெட்டப்பட்டிருக்கின்றன. முப்பத்தொரு நாள் மாதம் மேடு. முப்பது நாள் மாதம் சிறு பள்ளம். பிப்ரவரி ஆழமான பள்ளம். லீப் ஆண்டுப் பிப்ரவரிக்கு மட்டும் ஆழம் ஒரு மயிரிழை குறைவு. ஒரு நெம்புகோலின் மூக்கு அந்த ஆழத்தைத் தொட்டறிந்து, மாதக் கடைசியில் தேதியை எத்தனை நாள் தாண்டவிட வேண்டும் என்று முடிவு செய்கிறது. மின்சாரம் இல்லை, நிரல் இல்லை. நான்காண்டு நாட்காட்டிக் கணக்கு முழுவதும் உலோகத்தின் வடிவமாகவே உறைந்திருக்கிறது; கண்ணால் பார்க்கலாம். நம்மைச் சுற்றியுள்ள கருவிகளில் எது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வழியே இல்லாமல் போன காலத்தில், இந்த வெளிப்படைத்தன்மையே ஈர்ப்பின் வேர் என்று நினைக்கிறேன்.

இந்த அறிவு பிழைத்தது எளிதாக அல்ல. 1975இல் லே லோக்ல் ஊரின் ஜெனித் ஆலைக்கு, இயந்திரக் கடிகார உற்பத்தியை நிறுத்தி அதன் கருவிகளை ஒழித்துக்கட்டும்படி அமெரிக்க உரிமையாளர்களிடமிருந்து உத்தரவு வந்தது. சார்ல்ஸ் வெர்மோ என்ற பட்டறைப் பொறுப்பாளர் அதற்கு உடன்படவில்லை. விநாடிக்குப் பத்து துடிப்பு துடிக்கும் ‘எல் ப்ரிமேரோ’ இயந்திரத்துக்கான அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் மேல்மாடிக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் குறிப்பெழுதி மறைத்துவைத்தார். 1984இல் அதே கருவிகளால் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. 1988இல் ரோலெக்ஸே தன் ‘டேடோனா’வுக்கு அந்த இயந்திரத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. சேகரிப்பவர்கள் ஏலப் பட்டியலுக்கு முன்பே படிக்க வேண்டிய வரலாறு இது.

ஏலச் சந்தை வேறு எதையோ கொண்டாடுகிறது. பதேக் ஃபிலிப்பின் ‘1518’, நிரந்தர நாட்காட்டியும் விநாடி அளக்கும் வசதியும் சேர்ந்த கைக்கடிகாரம். 1941இல் வரத் தொடங்கியது. செய்யப்பட்டவை 281, பெரும்பாலானவை தங்கத்தில். எஃகு உறையில் வெளித்தெரிந்தவை நான்குதான். அவற்றில் ஒன்று 2016இல் ஜெனீவாவில் 1.1 கோடி சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. தங்க உறைக்குள்ளும் எஃகு உறைக்குள்ளும் இருப்பது ஒரே இயந்திரம், ஒரே கைத்திறன். விலையில் உள்ள மலையளவு வேறுபாடு அபூர்வத்துக்குக் கொடுத்தது; வேலைக்கு அல்ல. இப்படி வாங்கியது பெட்டகத்துக்குள் போய்விட்டால், உள்ளே எண்ணெய் உலரும், அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைக்கும் வேலை இருக்காது.

அந்தக் கைகள் தேவைப்படும். 2100 நான்கால் வகுபட்டாலும், கிரிகோரியன் விதிப்படி லீப் ஆண்டு அல்ல. நாற்பத்தெட்டு மாதச் சக்கரத்துக்கு இந்த விலக்கு தெரியாது. அந்த ஆண்டு மார்ச் 1 விடியும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நிரந்தர நாட்காட்டிகளில் பெரும்பாலானவை பிப்ரவரி 29 என்று காட்டும். ஒவ்வொன்றையும் யாராவது கையால் திருத்தியாக வேண்டும்.