கொடை வெள்ளம் வடிவதற்குள் வரப்புக் கட்டுவோம்!

தேர்தலுக்கு முன் கொடுக்கப்படுவது விலை. தேர்தலுக்குப் பின் கொடுக்கப்படுவதே கொடை. இவ் வேறுபாட்டை நம் மக்கள் நன்கறிவர். வாக்குப்பதிவுக்கு முதல்நாள் இரவில் கதவிடுக்கில் செருகப்படும் தாளை அறம் என்று எந்தத் தாயும் தன் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால், வாக்குகள் எண்ணி முடிந்த பின்னர், கைம்மாறு கருதாமல் ஒருவன் தன் உழைப்பையும் பொருளையும் ஊருக்கு ஈவானாயின், அதை எவரும் விலை என்னார்.

அத்தகைய கொடை தேர்தலை அடுத்துப் பெருகி எழுவதை நாம் கண்டிருக்கின்றோம். 2021 மே 2ஆம் நாள் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முடிவுகள் வெளிவந்தன. 7ஆம் நாள் மு. க. இசுடாலின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். கொரோனா என்னும் மகுடைத் தொற்றின் இரண்டாம் அலை அப்போது நாட்டைக் கவ்வியிருந்தது. முதலமைச்சரின் பொதுத் துயர்தணிப்பு நிதிக்குப் பொருள் தாருங்கள், செலவுக் கணக்கை வெளியிடுவோம் என்று 11ஆம் நாள் வேண்டுகோள் விடுக்கப்பட்டது. ஒரு கிழமைக்குள் 69 கோடி உருபா வந்து குவிந்தது. அதில் 25 கோடி உயிர்காக்கும் மருந்துகளுக்கும், 25 கோடி உயிர்வளி கொணரும் கலன்களுக்கும் ஒதுக்கப்பட்டன. பெருஞ்செல்வர் மட்டுமா கொடுத்தனர்? மிதிவண்டி வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்த்ததைச் சிறுவன் ஒருவன் அனுப்பி வைத்தான். நோயின் கொடுமை அக்கொடைக்கு ஒரு காரணம். புதிய ஆட்சியின் முதல் நாள்களில் மக்கள் வைத்த நம்பிக்கை மற்றொரு காரணம். இரண்டையும் பிரித்து நிறுக்கத் துலாக்கோல் இல்லை. எனினும், கணக்குக் காட்டுவோம் என்ற சொல்லுக்கு மக்கள் செவி சாய்த்தனர் என்பது உறுதி.

வென்றவர் மகிழ்ச்சியில் மட்டுமே கொடை பிறக்கும் என்பதும் இல்லை. தோற்றவர் அச்சத்திலும் சினத்திலும் அது பிறக்கும். அமெரிக்காவில் 2016 நவம்பர்த் தேர்தலில் வென்ற திரம்பு, 2017 சனவரி 27இல் ஏழு நாட்டு மக்களின் வருகையைத் தடுத்து ஆணையிட்டார். அதை எதிர்த்து வழக்காடிய அமெரிக்கக் குடிமை உரிமை ஒன்றியத்திற்கு, அந்த வார இறுதியில் மட்டும் இணையம் வழியாக 2 கோடியே 40 இலக்கம் தாலருக்கு மேல் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஓராண்டு முழுதும் இணையத்தில் வருவதைப்போல் அது ஆறு மடங்கு!

இவ்விரண்டும் உணர்த்துவது ஒன்றே. வாக்களிக்கும் நாளில் மாந்தன் ஒரு நொடியேனும் தன் வீட்டை மறந்து நாட்டை நினைக்கின்றான். 'இந்நாடு எனது' என்ற எண்ணம் அவனுள் கிளர்கின்றது. அக்கிளர்ச்சி தணியுமுன் எவரேனும் அழைத்தால், அவன் கை தானே நீள்கின்றது. தணிந்த பின்னர் அழைத்தாலோ, கதவு திறப்பதில்லை. வெள்ளம் வரும் என்பது மெய். வடியும் என்பதும் மெய்.

வெள்ளத்தை எப்படிப் பிடித்து வைப்பது? மரக்காணத்து உப்பளத் தொழிலாளியைக் கேளுங்கள். நூறு பங்கு கடல்நீரில் உப்பு ஏறத்தாழ மூன்றரைப் பங்கே. எத்துணைப் பெரிய கடலாயினும், வரப்பின்றி விடப்பட்ட நீர் வந்த வழியே போய்விடும். மடை திறந்து நீரை உள்ளே விட்டு, வரப்பால் மறித்து, பாத்தி பாத்தியாக நகர்த்தி, ஞாயிற்றின் வெம்மையில் நாள்கணக்கில் காயவிட்டால்தான் உப்பு விளையும். கடல் தருவது நீர்; உப்பாக்குவது உழைப்பும் ஒழுங்கும். கொடையும் அத்தகையதே. கிளர்ச்சி தருவது நீர். அமைப்பே அதை உப்பாக்கும்.

அதே மரக்காணம் நமக்கு இன்னொன்றையும் கற்பிக்கின்றது. அண்மைத் தேர்தல்களின் வாக்குப்பதிவு நாள்களைப் பாருங்கள்: 2016இல் மே 16, 2019இல் ஏப்பிரல் 18, 2021இல் ஏப்பிரல் 6, 2024இல் ஏப்பிரல் 19. எல்லாம் கோடை! கோடையே உப்பு விளையும் காலம். வாக்குக் கேட்டு வருவோர் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் காண்பவை வெண்மலைபோல் குவிந்த உப்பும், குனிந்த முதுகுகளுமே. வேலை நடக்கின்றது, கூலி கிடைக்கின்றது என்று எண்ணிக் கடந்துபோவர். ஐப்பசியும் கார்த்திகையும் வந்து, கழுவெளி நிரம்பி, பாத்திகள் நீருக்கடியில் மறையும்போது, அக்குடும்பங்களின் அடுப்பும் அடங்குகின்றது. அடுத்த பருவத்துக் கூலியை முன்பணமாக வாங்கி உண்டவன், அடுத்த பருவத்தில் கூலி பேசும் உரிமையையும் உடன் இழக்கின்றான். 2024இல் வாக்குப்பதிவுக்கு ஏழு திங்கள் கழித்து, நவம்பர் 30 இரவில் பெஞ்சல் புயல் இக்கரையில் ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. தேர்தலின் உள்ளக்கிளர்ச்சி சித்திரையில். உப்பளத்தின் பசி ஐப்பசியில். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஆறு திங்களே நம் சிக்கல்.

மழைக்காலத்திற்கென உப்பளத் தொழிலாளர்க்கு 5,000 உருபா வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022இல் தொடங்கியது. நன்று. ஆனால், மூன்று திங்களுக்குப் பகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 உருபாவே தேறும். 'நாம் கொடுக்கப் புகுந்தால் அரசு தன் கடமையைக் கைவிடாதா?' என்று கேட்போர் உளர். கேள்வி முறையானதே. நாம் கொடுப்பது அரசு கொடுக்க வேண்டியதற்கு ஈடன்று. நேரிய கூலியும் மழைக்கால ஊதியமும் உரிமைகள். அவற்றைப் பிச்சையாக மாற்ற எவருக்கும் உரிமையில்லை. ஆனால், பசித்த வயிற்றோடு எவனும் உரிமைக்கு நெடுநாள் போராட முடியாது. முன்பணக் கடனில்லாத தொழிலாளியே நிமிர்ந்து நின்று கூலி கேட்பான். நம் கொடை அவன் முதுகை நிமிர்த்துவதற்கே.

இது நமக்குப் புதிய நெறியா? சிறுபாணாற்றுப்படை சொல்லும் ஓய்மா நாட்டு எயிற்பட்டினம் இம் மரக்காணமே என்பது ஆய்வாளர் பலர் முடிபு. பரிசில் பெற்ற பாணன், பெறாத பாணனுக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படை. பெற்றவன் பிறனை மறவாமை அதன் உயிர். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய அணையா அடுப்பு இன்றும் எரிகின்றது. எத்தனை ஆட்சிகள் வந்தன, எத்தனை போயின! அவ்வடுப்பு எந்தத் தேர்தலையும் நம்பி எரியவில்லை. நம் பெண்கள் உலையிடும்போது ஒருபிடி அரிசியைத் தனிக் கலத்தில் இட்டுவைத்த பிடியரிசி முறையும் அத்தகையதே. ஒருபிடி குறைந்ததை வயிறு அறியாது. ஓராண்டு கழித்து ஊர் அறியும்.

எனவே, செய்ய வேண்டுவன இவை. தேர்தல் முடிவு வந்த முப்பது நாள்களுக்குள், வென்ற கட்சியினரும் தோற்ற கட்சியினரும் கொடிகளைக் கழற்றி வைத்துவிட்டு, ஊர்தோறும் ஒன்றாக அமர்தல் வேண்டும். ஒரே நாளில் பெருந்தொகை கேட்காமல், ஓராண்டுக்குத் திங்கள்தோறும் சிறுதொகை தருவதாக ஒவ்வொருவரிடமும் உறுதி பெறுதல் வேண்டும். வரவையும் செலவையும் ஊர்ப் பொதுவிடத்தில் பலகையில் எழுதி வைத்தல் வேண்டும். சேர்ந்ததை ஐப்பசி முதல்நாள் திறந்து அரிசியாகவும், வட்டியில்லாக் கைம்மாற்றாகவும் வழங்குதல் வேண்டும். பொருளில்லாதவர் உழைப்பைத் தரலாம். மருத்துவம் கற்றோர், வெண்ணுப்பின் கூசும் ஒளியில் கெட்ட கண்களையும் உவர்நீரில் வெடித்த கால்களையும் பார்க்கலாம். ஆசிரியர், உப்பளத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லலாம்.

தமிழ்மக்களே! விரலில் இட்ட மை சில கிழமைகளில் அழிந்துவிடும். அம்மை அழியுமுன் உங்கள் ஊரில் முதல் வரப்பைக் கட்டுங்கள். மழை வருவதற்கு இன்னும் நாளிருக்கின்றது என்று எண்ணாதீர்கள். மழை வந்தபின் எந்த உப்பளத்திலும் வரப்புக் கட்டுவதில்லை.