டயர்க் கணக்கு: ஓர் எதிர்வினை

ஆனையிறவுப் பக்கத்துப் பிள்ளைகளைக் கபடியிலிருந்து காப்பாற்றப் புறப்பட்டிருக்கிறார் நண்பர். பரந்தனிலும் உமையாள்புரத்திலும் பின்னேரங்களில் பாடிக்கொண்டு எதிர்ப்பக்கம் பாயும் ‘ரைடர்’ பொடியன்களுக்கு அவர் எழுதியிருக்கும் புத்திமதி இதுதான்: ரைடரின் கால் டயர் மாதிரி; இருபத்தெட்டு வயதில் தேய்ந்துவிடும்; தேய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதுசு மாட்டுவார்கள்; அதுதான் சந்தையின் நீதி; ஆகவே பெற்றோரே, பிள்ளையை மைதானத்திலிருந்து கூப்பிடுங்கள்.

இதற்கு இரண்டு சாட்சிகளை நிறுத்துகிறார். ஒருவர் பர்தீப் நர்வால். மற்றது, அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் புகுந்து ஓடும் ‘ரன்னிங் பேக்’ என்ற இனம் முழுவதும். இரண்டு சாட்சிகளையும் அவர் அரைகுறையாகத்தான் விசாரித்திருக்கிறார்.

நர்வாலில் தொடங்குவோம். தடுப்பாளர்கள் கைகோத்து மறிக்க, அந்தக் கைகளுக்குக் கீழே குனிந்து நழுவி நடுக்கோட்டைத் தொடுகிற ‘டுப்கி’யால் பேர் வாங்கியவர். 2017 புரோ கபடிப் பருவத்தில் மட்டும் 369 ரைடுப் புள்ளிகள். 2021 ஏலத்தில் யு.பி. யோதா அவருக்குக் கொடுத்த 1.65 கோடி இந்திய ரூபா அன்றைக்கு உச்ச விலை. 2025 ஏலத்தில் அவரைக் கேட்க ஆளில்லை, ஓய்வை அறிவித்துவிட்டார். வயது 28. அவருடைய ஆட்டம் தளர்ந்திருந்தது, மறுக்கவில்லை. ஒருவர் தளர்ந்ததை எல்லா ரைடருக்கும் தலையெழுத்தாக்க நண்பருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

2016 கபடி உலகக் கிண்ண இறுதியாட்டம். இடைவேளையில் ஈரானிடம் பின்தங்கி நின்ற இந்தியாவைத் தூக்கி நிறுத்தியவர் ரைடர் அஜய் தாக்கூர். அவருக்கு அப்போது முப்பது வயது. பவன் செராவத்தை 2022இல் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது; முதலாட்டத்திலேயே முழங்கால் அடிபட்டு அந்தப் பருவம் முழுக்க வெளியே இருந்தார். டயர்க் கணக்குப்படி அடுத்த வருடம் அவரைக் குப்பைமேட்டில்தான் தேட வேண்டும். தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடி கொடுத்து அழைத்துக்கொண்டது. நண்பரின் கட்டுரையில் பவனின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. மறந்திருந்தால் கவனக்குறைவு. தெரிந்தே விட்டிருந்தால் அதற்குப் பெயர் வேறு.

இனி அமெரிக்கா. எவரை ஓடவிட்டாலும் ஒன்றுதான், முன்வரிசைத் தடியர்கள் வழி திறந்தால் யாரும் ஓடுவார் என்கிறார் நண்பர். 2023இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் முன்வரிசைக்குப் பின்னால் ஓடிய டி’ஆண்ட்ரே ஸ்விப்ட் ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக 4.6 யார்ட் எடுத்தார். அந்த வரிசையின் நடுத்தூண் ஜேசன் கெல்சி ஓய்வுபெற்றுப் போன பிறகு, 2024இல் வந்தவர் சாக்வான் பார்க்லி. அவருடைய சராசரி 5.8, பருவத்தில் மொத்தம் 2,005 யார்ட். ஜாக்சன்வில் அணியுடனான ஆட்டத்தில் ஒருவரைச் சுழன்று தப்பி, எதிரே குனிந்து வந்த அடுத்தவரை முதுகுப்பக்கமாகவே எகிறித் தாண்டினார். அந்தத் தாண்டலை எந்தத் தடியர் திறந்துவிட்டார்? 2025 பெப்ரவரி 9, சூப்பர் போல் கிண்ணம் வென்ற நாளில் பார்க்லிக்கு வயது 28. நர்வாலும் அதே 1997 பெப்ரவரியில் பிறந்தவர். பார்க்லியைப் போகவிட்ட நியூயோர்க் ஜயன்ட்ஸ் அந்தப் பருவத்தில் 17 ஆட்டங்களில் வென்றது மூன்று.

சந்தையின் நீதி என்ற பேச்சுக்கு வருவோம். சந்தை என்றால் விற்கிறவனுக்கும் வாய் இருக்க வேண்டும். அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்.எப்.எல்லில் நுழையும் இளைஞன் தன் அணியைத் தேர்ந்தெடுப்பதில்லை. அணிதான் அவனைத் தேர்ந்தெடுக்கும். முதல் நான்கு வருடத்துக்கு ஏறக்குறைய நிர்ணயித்த சம்பளம். முதற்சுற்றில் எடுத்தவனென்றால் ஐந்தாம் வருடமும் அணியின் விருப்பம். அதன் பிறகும் ‘பிரான்சைஸ் டாக்’ என்ற முத்திரையைக் குத்தி இன்னொரு வருடம் இழுத்து வைக்கலாம். பார்க்லியை ஜயன்ட்ஸ் இப்படித்தான் ஆறு பருவம் வைத்திருந்தது; அதற்குள் ஒரு முழங்கால் சத்திரசிகிச்சையும் முடிந்துவிட்டது. இன்னொரு ரன்னிங் பேக்கான லெவியான் பெல் 2018இல் அந்த முத்திரையை ஏற்க மறுத்து, ஒரு பருவம் முழுக்க ஆடாமல், ஒரு கோடியே நாற்பது இலட்சம் டொலருக்கு மேல் இழந்தார். கால் நன்றாக இருக்கும் வருடங்களை மலிவாக எடுத்துக்கொண்டு, அவன் விலை பேச வாய் திறக்கும்போது வயதைக் காட்டுவது தந்திரம். அதைச் சந்தை என்று நம்பியவர் எங்கள் பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் படிப்பிக்கிறார்.

உடம்பை நம்பிப் பிழைப்பது மூடத்தனம் என்று முடிக்கிறாரே, அதைக் கட்டுரையில் எழுதாமல் ஆனையிறவு உப்பளத்தில் வந்து சொல்லட்டும். வெயிலேறமுன் பாத்தியில் இறங்கி, பலகையால் உப்பை இழுத்துக் குவிக்கிறவரின் குதிகால் வெடிப்புக்குள் உப்புத்தண்ணீர் ஏறும். அவருடைய முதுகுக்கும் முழங்காலுக்கும் எத்தனை வருடம் என்று நண்பர் இதுவரை கணக்குப் போட்டதில்லை. கடலேரியில் வலை இழுக்கிறவனிடம் வேறு தொழில் பார் என்று எழுதியதுமில்லை. உடம்புழைப்பு இழிவாகத் தெரிவது, எங்கள் பொடியன் அதைச் சந்தோஷமாகச் செய்து கைதட்டும் வாங்கும்போது மட்டுந்தானா?

விளையாட்டு வாழ்க்கை குறுகியது என்பது எங்களுக்கும் தெரியும். குறுகிய வாழ்க்கைக்கு முதல் வருடத்திலிருந்தே நியாயமான சம்பளம் வேண்டும், காயத்துக்குக் காப்புறுதி வேண்டும், படிப்பு நிற்காமலிருக்க ஏற்பாடு வேண்டும். இவற்றைக் கேட்க வேண்டியது கழகங்களிடமும் சம்மேளனங்களிடமும் ஏலம் நடத்துகிறவர்களிடமும். அதற்கு நண்பர் பேனா எடுக்கட்டும், நானும் கூட வருகிறேன். பதின்மூன்று வயதுப் பொடியனை அதட்டி வீட்டுக்கு அனுப்புவதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை.