தராசு பேசுது... மூட்டை பேசுமா?

ரேஷன் கடைத் தராசு பேச ஆரம்பித்துவிட்டது! வாயால் அல்ல, புளூடூத்தால்!

தட்டில் அரிசியை வைத்ததும் அதன் எடை பில் போடும் மிஷினுக்குக் காற்றிலேயே போய்விடுகிறது. ஒயர் கிடையாது. கார்டுக்கு உரிய எடை தட்டில் ஏறினால்தான் பில் வரும். 20 கிலோவுக்கு பில்லைப் போட்டுவிட்டு 18 கிலோவைப் பையில் கொட்டும் கைவரிசை இனி சுலபத்தில் நடக்காது.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2025-ல் இந்த இணைப்பு மளமளவென்று வந்தது. தராசையும் மிஷினையும் இணைக்க மாநிலங்களை ஊக்குவித்து மத்திய அரசு 2021 ஜூன் 18-ந் தேதியே விதியைத் திருத்தியிருந்தது.

ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்கவே தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். இந்தத் தராசுக்கு அந்தத் தொல்லை இல்லை. இது பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று 2005 ஜனவரியிலேயே உத்தரவாகிவிட்டது. பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் காதில் மாட்டியிருக்கும் இயர்போனும் இதே அலைதான்.

சரி, தராசே பொய் சொன்னால்? புளூடூத் அந்தப் பொய்யையும் அப்படியே சுமந்து போகும்! ஆகவே தராசில் இந்த ஆண்டு முத்திரை இருக்கிறதா என்று கார்டுதாரர்கள் பார்த்துக்கொள்வது நல்லது.

கடை ஊழியர்கள் கொதித்தார்கள். ஒவ்வொரு பொருளாக வைத்து எடுப்பதில் க்யூ நீளுது என்றார்கள். குடோனிலிருந்து வரும் மூட்டையிலேயே எடை குறையுது, முதலில் அங்கே சரியாக எடை போடுங்கள் என்றார்கள்.

முதல் குறை பழகப் பழகச் சரியாகலாம். இரண்டாவதை அப்படித் தள்ள முடியாது. 50 கிலோ என்று கணக்கில் வரும் மூட்டையில் 48 கிலோதான் இருந்தால் மீதி 2 கிலோவுக்கு விற்பனையாளர் எங்கே போவார்? ஒன்று, கைக்காசைப் போட வேண்டும். இல்லையென்றால் க்யூவில் கடைசியாக நிற்பவரிடம், "ஸ்டாக் இல்லைம்மா, அப்புறம் வாங்க" என்று கையை விரிக்க வேண்டும்.

திருச்சி டவுனில் என்றால் அந்த அம்மா மறுநாள் வந்து வாங்கிக்கொள்வார். துறையூருக்கு மேலே பச்சைமலையில்? வண்ணாடு, கோம்பை, தென்புறநாடு பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து மரவள்ளிக் காட்டு வேலையை விட்டுவிட்டு, மேடு பள்ளம் ஏறி இறங்கி வருகிறவருக்கு 'அப்புறம் வாங்க' என்றால் இன்னொரு நாள் கூலி போச்சு!

மலையில் இன்னொரு கூத்தும் உண்டு. தராசும் மிஷினும் பேசிக்கொள்ள டவர் வேண்டாம். ஆனால் கைரேகையைச் சரிபார்க்க மிஷினுக்கு சிக்னல் வேண்டும். மலையிலோ ஒரு வளைவில் கிடைக்கிற சிக்னல் அடுத்த வளைவில் காணாமல் போகும். தராசு தயார், அரிசி தயார், ஆளும் தயார். சிக்னலுக்காக எல்லோரும் வானத்தைப் பார்த்து நிற்பதா? சிக்னல் இல்லாத நாளில் கார்டைப் பார்த்துப் பொருள் கொடுக்க ஒரு வழி இருக்க வேண்டாமா?

கடையில் வைத்த இந்தத் தராசைக் குடோனிலும் வைக்கட்டும். லாரி மலை ஏறுமுன் ஒவ்வொரு மூட்டையையும் நிறுத்து, அந்த எடைச் சீட்டைக் கடை வாசலில் ஒட்டட்டும்.