தலைப்பு கொடுத்தால் என்ன?

வாரம் ஒரு தலைப்பு. ஏழு நாள் கெடு. 300 சொல்லுக்கு மேல் போகக்கூடாது. எழுதியவர்கள் எல்லோரும் மற்றவர்கள் எழுதியதைப் படித்து இரண்டு வரி அபிப்ராயம் சொல்ல வேண்டும். இப்படி நடக்கும் எழுத்துப் போட்டிகள் இன்று ஏராளம். இவை பற்றி இரண்டு கட்சிகள் இருக்கின்றன. எழுதப் பழக இது நல்ல பயிற்சி என்பது ஒன்று. உத்தரவுக்கு வருவது சிருஷ்டியே அல்ல என்பது மற்றொன்று. முதலாவது அப்பாவித்தனம். இரண்டாவது பம்மாத்து. நம் வட்டத்தில் செல்வாக்கோடு இருப்பது இரண்டாவதுதான் என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

கவிதை உள்ளிருந்து தானாகப் பீறிட்டு வரவேண்டும் என்ற எண்ணத்தை நம்மில் பலர் ஆங்கில ரொமாண்டிக் கவிகளிடமிருந்து எடுத்துக்கொண்டோம். அந்தக் கவிகளோ பந்தயம் வைத்து எழுதினார்கள். 1817 கடைசியில் ஷெல்லியும் அவருடைய நண்பர் ஹொரேஸ் ஸ்மித்தும் ஒரே விஷயத்தை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு ஸானெட் எழுதினார்கள். ஸ்மித் பங்குத் தரகர். இரண்டும் லீ ஹன்ட்டின் 'எக்ஸாமினர்' பத்திரிகையில் 1818 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வெளிவந்தன. ஷெல்லியுடையதுதான் 'ஓஸிமாண்டியஸ்'. அதே பிப்ரவரியில் கீட்ஸ், ஷெல்லி, ஹன்ட் மூவரும் நைல் நதியைப் பற்றிக் கால் மணி நேரக் கெடுவில் எழுதினார்கள். அதில் மூன்று ஸானெட்டுகள் கிடைத்தன, 'ஓஸிமாண்டியஸ்' கிடைக்கவில்லை. ஆக, தலைப்பு கவிதையைக் கொல்வதும் இல்லை, கொடுப்பதும் இல்லை.

நம் பக்கத்திலும் இது புதிதல்ல. ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வதும், சமஸ்யை கொடுத்துப் பூர்த்தி செய்யச் சொல்வதும் பழைய வழக்கங்கள். உருதுவில் ஒரு வரியைக் கொடுத்துவிட்டு, அதே சந்தத்திலும் இயைபிலும் கஜல் எழுதிவரச் சொல்லும் முஷாயராக்கள் நடந்தன. ஆனால் அங்கே சீடன் எழுதியதை உஸ்தாத் திருத்துவார். திருத்தத்துக்கு 'இஸ்லாஹ்' என்று பெயரே உண்டு. காளமேகம் எமகண்டம் பாடிய கதையில் சரித்திரம் எவ்வளவு என்பது வேறு விஷயம்; தவறினால் உயிர் போகும் என்ற நிபந்தனையை வைக்க நம் மரபுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த வகைப் பாடல்களில் கவிதையைவிடச் சாமர்த்தியமே அதிகம் என்பது என் அபிப்ராயம். இருந்தாலும் 'தவறு' என்று சொல்ல அங்கே ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

வாராந்தரப் போட்டியில் அந்த ஆசனம் காலி. பயிற்சி என்கிறார்கள். வயலின் கற்பவன் ஸ்வரம் பிசகினால் வாத்தியார் வில்லைப் பிடித்து நிறுத்துகிறார். நிறுத்த ஆளில்லாத பயிற்சியில் பிசகுதான் கைக்குப் பழகும். இங்கே நடப்பது மொய். நீ என் கதையை 'அருமை' என்றாய். உன் கதை வரும்போது நானும் அதையே எழுதிவிடுகிறேன். வரவும் செலவும் நேராகிவிடும். இருப்பு மட்டும் ஏறாது.

இதைவிடப் பெரிய சேதம் வேறொன்று. 'மழை', 'ஜன்னல்', 'கடைசி ரயில்' என்று தலைப்பு வந்தவுடன் அதற்கு என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்பதைக் கை முன்கூட்டியே அறிந்துவிடுகிறது. மூன்றாவது பத்தியில் பாட்டி செத்துப்போவாள். கடைசி வரியில் ஒரு திருப்பம் இருக்கும். ஸ்மித் செய்தது இதைத்தான். பாலைவனத்துச் சிதைவைப் பார்த்தவர், லண்டனும் ஒருநாள் இப்படி ஆகும் என்று முடித்தார். தலைப்பு கேட்ட நீதி அது. பிற்பாடு அதற்கு, எகிப்துப் பாலைவனத்தில் தனியே நிற்கும் பிரம்மாண்டமான கருங்கல் காலைப் பற்றி என்கிற தோரணையில் ஒரு முழ நீளத் தலைப்பும் வைத்தார். ஷெல்லி, அரசனின் முகத்தில் இருந்த திமிரைக் கல்லில் படித்து வைத்துவிட்டுப் போன சிற்பியிடம் போனார். அரசர்கள் மீதான வெறுப்பு அந்தப் பந்தயத்துக்கு வெகு முன்பே அவரிடம் இருந்தது. உள்ளே ஒன்று காத்திருந்தால்தான் வெளியிலிருந்து வரும் தலைப்புக்கு வேலை.

காத்திருப்பதற்கு வாராந்தரக் கெடுவில் இடமில்லை. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்றார் பைரன். அவர் ஒரு துண்டு எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டார். மேரி ஷெல்லிக்கு அப்போது வயது 18. கதை கிடைத்ததா என்று தினமும் காலையில் கேட்டார்கள், இல்லை என்றே சொல்ல வேண்டியிருந்தது என்று 1831 பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார். அந்த 'இல்லை'களுக்குப் பிறகு வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' 1818ல்தான் புத்தகமாயிற்று. இன்றைய போட்டியில் அவர் முதல் வாரமே எதையாவது கொடுத்து நாலு 'அருமை' வாங்கியிருப்பார்.

அளவையே லட்சியமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் 'தேசிய நாவல் எழுதும் மாத'த்தைப் பார்க்கலாம். 1999ல் 21 பேருடன் தொடங்கியது. 30 நாளில் 50,000 சொல் எழுதினால் ஜெயம். அதை நடத்திய அமைப்பு 2025ல் மூடப்போவதாக அறிவித்தது. நாளுக்குச் சுமார் 1,667 சொல் என்ற கணக்கில் நாவல் எங்கே வருகிறது? சொல் எண்ணிக்கை நிறைந்தால் போதும் என்பதுதான் அங்கே விதி.

தலைப்பு இருக்கட்டும், கெடுவும் இருக்கட்டும். 'இது ஆகவில்லை' என்று காரணத்தோடு சொல்ல ஒருவர் வேண்டும். 'இந்த வாரம் ஒன்றும் இல்லை' என்று சொல்பவரைத் தோற்றவராக எண்ணாமல் இருக்கவும் வேண்டும். இவ்வளவுதான் என் கோரிக்கை.

இது வாராந்தரக்காரர்களுக்கு மட்டும் அல்ல. அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் நாம், நண்பரின் தொகுப்புக்கு மதிப்புரை எழுதுகிறோம். அடுத்த இதழில் நண்பர் நம் தொகுப்புக்கு எழுதுகிறார். 300 பிரதி அச்சாகும் பத்திரிகையில் 'முக்கியமான குரல்' என்ற சொற்றொடர் எத்தனை பேருக்குத் தரப்பட்டிருக்கிறது என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் வாரம் ஒருமுறை எழுதும் மொய்யை நாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதுகிறோம்.