சில்லுப் பூட்டிய குசினி

குடும்பமாக விடுமுறைக்குப் புறப்படும்போது அக்குடும்பத்தில் யாருக்கு விடுமுறை கிடைக்கிறது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. விடுதியில் தங்கினால் சமையலும் படுக்கை விரிப்பும் வேறொருவர் பொறுப்பு. வீட்டுக்கே சில்லுப் பூட்டிக்கொண்டு போனால் குசினியும் கூடவே வரும். குசினிக்கு உரியவள் என்று நம் சமூகம் தீர்மானித்து வைத்திருப்பவளும் அதனோடு வருவாள்.

2023 ஒக்டோபரில் சுவிற்சர்லாந்தில் வாழும் என் பெரியம்மாவின் மகளிடம் போயிருந்தேன். அக்கா முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பாளராக வேலை செய்கிறார். கலியாணவீடு, செத்தவீடு தவிர வேறெதற்காகவும் அவர் ஊர்விட்டு ஊர் போனதில்லை. பாடசாலை விடுமுறைக்கு அத்தான் ஆறு பேர் படுக்கக்கூடிய ஒரு மோட்டார் வீட்டை வாடகைக்கு எடுத்தார். அத்தான், அக்கா, இரண்டு பிள்ளைகள், அத்தானின் தாயார், நான் என ஆறு பேருக்கும் இது முதல் அனுபவம். போகும் நாடு இத்தாலி. தங்குமிடங்களைத் தெரிவு செய்யும் வேலை என்னிடம் வந்தது.

இவ்வாகனங்கள் தங்கும் இடங்களை அங்கே 'காம்பிங்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் மாமி, "காம்பிலை இருந்து தப்பி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்துக் காம்புக்குப் போறதோ?" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து, ஒரு பாடசாலைக் கட்டடத்தில் தங்கி, இருட்டில் மலசலகூடத்துக்கு வரிசையில் நின்றவர் அவர்.

விரும்பிப் போகும் இடத்தையும் விரட்டப்பட்டு ஒதுங்கும் இடத்தையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது. ஆயினும் நலன்புரி நிலையங்களில் வேலை செய்த காலத்தில் பெண்களிடம் நான் முதலில் கேட்டு வந்தவை மூன்று கேள்விகள். தண்ணீர் எவ்வளவு தூரம்? மலசலகூடம் எவ்வளவு தூரம்? இரவில் வழியில் வெளிச்சம் உண்டா? மாமியைப் பக்கத்தில் இருத்தி, அதே கேள்விகளோடு இத்தாலியிலும் இடம் தேடினேன்.

அத்தானின் பட்டியலில் பன்னிரண்டு நாட்களுக்கு எட்டு இடங்கள் இருந்தன. வெனிஸ், புளோரன்ஸ், ரோம், நேப்பிள்ஸ் எல்லாம் அதில் அடக்கம். அப்பட்டியலின் எதிரே, ஒவ்வொரு முறை இடம் மாறும்போதும் செய்ய வேண்டியவற்றை எழுதினேன். பாத்திரம் கழுவி அடுக்க வேண்டும். அலுமாரிகள் ஓட்டத்தில் திறக்காமல் பூட்ட வேண்டும். படுக்கைகளை மடிக்க வேண்டும். கழிவு நீரை வடிக்க வேண்டும். மலசலகூடப் பெட்டியை வெறுமையாக்க வேண்டும். தண்ணீர் நிரப்ப வேண்டும். போய்ச் சேர்ந்ததும் வாகனத்தை மட்டம் பார்த்து நிறுத்தி, மின்சாரம் கொடுத்து, திரும்பவும் எல்லாவற்றையும் விரிக்க வேண்டும். இவற்றில் வாகனத்துக்கு உள்ளே நடப்பவை எல்லாம் அக்காவின் பெயரில் விழும் என்பது எழுதி முடிக்க முன்பே தெரிந்தது.

"இவ்வளவு தூரம் போய் ரோம் பாக்காமல் வாறதோ?" என்று அத்தான் கேட்டார். அது நியாயமான ஆசைதான். அக்கா மட்டும் மெதுவாக, "எனக்கு ஒரு நாளைக்கெண்டாலும் பின்னேரம் படுக்கவேணும்" என்றார். ரோம் அடுத்த முறைக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஐந்து பிராந்தியங்களைக் கடப்பது, மூன்றில் மட்டும் தங்குவது என்று முடிவாயிற்று. வெனெத்தோவில் நான்கு இரவு, தொஸ்கானாவில் நான்கு இரவு, லிகூரியாவில் மூன்று இரவு.

வெனெத்தோவில் கார்டா ஏரியின் தென்கரையிலுள்ள பெஸ்கியேராவைத் தெரிவு செய்தோம். அங்கே புகையிரத நிலையம் உண்டு. கால் மணித்தியாலமளவில் வெரோனாவுக்குப் போகலாம். மிலான் - வெனிஸ் பாதை என்பதால் வெனிசுக்கும் அங்கிருந்தே ஒரு நாள் போய் வந்தோம். தொஸ்கானாவில் சியெனா நகருக்கு வெளியே, நகரப் பேருந்து வரும் இடமொன்றில் தங்கினோம். லிகூரியாவில் லெவாந்தோவில் தங்கினோம். கடலோரக் குன்றுகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிங்க்வே தெர்ரே எனப்படும் ஐந்து கிராமங்களுக்கும் பெரிய வாகனத்தில் போவது வீண் தொல்லை. லெவாந்தோவிலிருந்து புகையிரதம் சில நிமிடங்களில் முதற் கிராமத்தில் இறக்கிவிடுகிறது.

மூன்று இடத்திலும் வாகனத்தை நிறுத்திவிட்டுப் பொதுப் போக்குவரத்தில் போகக்கூடியதாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இத்தாலியின் பழைய நகர மையங்கள் பலவற்றில் அனுமதியற்ற வாகனங்கள் நுழையக் கூடாது. வாயிலில் கமெரா இலக்கத்தகட்டைப் படம் பிடிக்கும். தண்டப்பணக் கடிதம் மாதங்கள் கழித்தும் வீடு தேடி வரும்.

இத்தாலியில் இருவகைத் தங்குமிடங்கள் உள்ளன. 'அரேயா சோஸ்தா' என்பது வாகனம் நிறுத்தி, தண்ணீர் எடுத்து, கழிவு வடிக்கும் இடம். செலவு குறைவு. ஆனால் குளியலறை இல்லாதவை பல. வெளியே மேசை போட அனுமதிக்காத இடங்களும் உண்டு. வழியில் ஓர் இரவு தங்க அது போதும். 'காம்பெஜ்ஜோ' என்பது முழு வசதியுள்ள திடல். வெந்நீர்க் குளியலறை, பாத்திரம் கழுவும் தொட்டி, பெரும்பாலும் உடுப்புத் தோய்க்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும். முதியவரும் பிள்ளைகளும் இருந்தால் பணத்தைச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து இதனையே எடுங்கள். பொதுத் தொட்டியில் பாத்திரம் கழுவும்போது மற்றக் குடும்பத்து ஆண்களும் கழுவிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் அத்தான் இரண்டாம் நாளே தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

முற்பதிவு செய்யுமுன் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, அத்திகதியில் திறந்திருக்குமா? பல திடல்கள் செப்ரெம்பர் இறுதியிலோ ஒக்டோபரிலோ மூடிவிடும். ஓகஸ்ட் 15ஐ ஒட்டிய நாட்களில் இத்தாலியர் பலர் விடுமுறையில் இருப்பதால் இடம் கிடைப்பது கடினம். கோடையில் மரநிழல் கேளுங்கள். ஒக்டோபரில் வெயில் படும், மழைக்குச் சேறாகாத சல்லி போட்ட தரை கேளுங்கள். மாமியின் முழங்கால் வருத்தத்துக்காக நாம் மலசலகூடத்துக்கு அருகில், ஆனால் கதவு அடிக்கும் சத்தம் கேளாத அளவு தள்ளி இடம் கேட்டோம். கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

மின்சாரம் எத்தனை அம்பியர் என்பதும் முக்கியம். 6 அம்பியர் என்றால் 230 வோல்ற்றில் 1,380 வாட் மட்டுமே. 700 வாட் ரைஸ் குக்கர் வேலை செய்யும். 2,000 வாட் கேத்தலைப் போட்டால் மின்சாரம் நின்றுவிடும். மத்தியானம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை பல திடல்களில் அமைதி நேரம். வாகனங்களுக்கு வாயில் திறக்க மாட்டார்கள். அதற்கு முன்போ பின்போ போய்ச் சேரும்படி புறப்படுங்கள். பதிவுக்கு எல்லோருடைய கடவுச்சீட்டும் தேவை. பல ஊர்களில் ஆளுக்கு இவ்வளவு என்று இரவுக்குரிய உல்லாசப்பயண வரியும் தனியாக உண்டு.

அந்த அமைதி நேரத்தில்தான் அக்கா படுத்தார். சியெனாவில் ஒருநாள் இரண்டு மணித்தியாலம் அசையாமல் தூங்கினார். பிள்ளைகள் பயந்து, "அம்மாவுக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டார்கள். தாய் பகலில் தூங்கி அவர்கள் கண்டதில்லை.

எனவே சகோதரிகளே, பயணத் திட்டம் போடும் மேசையில் நீங்களும் உட்காருங்கள். பார்க்கும் இடங்களின் பட்டியலுக்குப் பக்கத்தில் செய்யும் வேலைகளின் பட்டியலையும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் எழுதுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் பெயர்களைப் பிரியுங்கள், இடங்களையும் குறையுங்கள்.