மாமா எழுதாத ஒரு கிலோ

போன மாசம் திண்டிவனத்துல எங்க மாமா இறந்துட்டாரு. அம்மாவோட கூடப்பிறந்த அண்ணன். வயசு 91. படுக்கையில கிடந்தது ஒரு வாரம்தான். அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை வரைக்கும் தானே நடந்துபோய் டீ குடிச்சிட்டு வந்தவரு. கல்யாணச் சாவுன்னு எல்லாரும் சொன்னாங்க. தெருமுனையில கண்ணீர் அஞ்சலி பேனர் வச்சாங்க. மேளம், பூப்பல்லக்கு, பட்டாசு எதுக்கும் குறைவில்லை. வந்தவங்க எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிட்டுப் போனாங்க. "நல்ல மனுஷன்."

அந்த வார்த்தை மேலதான் எனக்கு ஒரு வருத்தம். அது பொய்னு சொல்லலை. ஆனா ரொம்ப சுலபமா சொல்லிடறோம். மாமரத்துல மாங்காய் காய்க்கிற மாதிரி, அவருக்கு நல்ல குணம் தானா காய்ச்சதுன்னு நினைச்சுக்கிறோம். அதுக்கு ஒரு விலை இருந்துச்சு. அதை யாரு கொடுத்தாங்கன்னு எழவு வீட்டுல ஒருத்தரும் பேசலை. அதனால நான் எழுதறேன்.

மாமா மல்லாட்டை மண்டியில கணக்குப்பிள்ளை. பட்டணத்துல இருக்கறவங்களுக்கு, மல்லாட்டைன்னா வேர்க்கடலைங்க. எங்க பக்கத்துல மணிலான்னும் சொல்லுவோம். இந்த ஊருக்கும் மல்லாட்டைக்கும் பழைய உறவு. எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையமே இங்க இருக்கு. டி.எம்.வி. 7-னு ஒரு ரகம் விதைக்கிறோமே, அந்த டி.எம்.வி.ங்கறதே திண்டிவனம்தான்.

1950-ல, 17 வயசுல மண்டிக்குப் போனாரு. அப்ப எடை எல்லாம் பலம், வீசை, மணங்கு. 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. காசு கணக்குல ரூபாய்க்கு 16 அணா. 1957-ல நயா பைசா வந்துச்சு, பின்னாடியே கிலோவும் வந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவங்க ரொம்ப பயந்துட்டாங்களாம். புது எடையில எவ்வளவு ஏமாத்துவானோன்னு மூட்டையை இறக்கவே யோசிச்சாங்களாம். மாமா அவங்களுக்கு ஒரே ஒரு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாரு. "அஞ்சு வீசைன்னா ஏழு கிலோ. இதை மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, உன்னை எவனும் ஏமாத்த முடியாது." எங்க தாத்தா சாகற வரைக்கும் அதைச் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

நான் அஞ்சாவது படிக்கறப்ப நடந்தது இது. மூட்டை எடை போட்டா, சாக்குக்குன்னு ஒரு கிலோ கழிப்பாங்க. அது நியாயம். அந்த மண்டி முதலாளி, இனிமே மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சு எழுதுன்னாரு. இருபது மூட்டை கொண்டு வந்தவனுக்கு இருபது கிலோ போச்சு. மாமா மறுத்துப் பேசலை, சண்டையும் போடலை. வழக்கம்போல ஒரு கிலோ கழிச்சே சீட்டு எழுதினாரு. நாலாவது நாள் முதலாளி, "நாளையிலேர்ந்து வரவேணாம்"னுட்டாரு.

ஏழு மாசம் வேலை இல்லை. வீட்டுல மூணு பொண்ணு, ஒரு பையன். அத்தை விதை மல்லாட்டை உடைக்கப் போனாங்க. விதைக்கு எடுக்கற பருப்பைக் கையாலதான் உடைக்கணும். பருப்போட மேல்தோல் உரியக்கூடாது, ரெண்டா பொளியக்கூடாது. ஒரு நாள் முழுக்க உடைச்சா விரல் நுனி வெடிச்சுப்போயிடும். அந்தக் கையோட வந்துதான் அடுப்பு மூட்டுவாங்க. பெரிய பொண்ணு எட்டாவதோட படிப்பை நிறுத்திட்டு அம்மா கூடவே உடைக்கப் போச்சு.

எந்தக் குடியானவனுக்காக அவரு வேலையை விட்டாரோ, அந்த ஏழு மாசத்துல அவங்க யாரும் அவரு வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கலை. எங்க அப்பாவும் அதுல சேர்த்திதான். அந்த வருசம் எங்க வீட்டுல கேவுரு நல்லா விளைஞ்சிருந்துச்சு. மச்சான் வீட்டுக்கு ஒரு மரக்கா கொடுத்தனுப்பணும்னு அவருக்குத் தோணலை. அம்மா அதைச் சொல்லிச் சொல்லி கண்ணு கலங்குவாங்க.

அப்புறம் இன்னொரு மண்டியில கூப்பிட்டாங்க. மெல்ல மெல்ல மூட்டையெல்லாம் அந்த மண்டிக்குத் திரும்பிச்சு. கணக்குப்பிள்ளை எங்கயோ அங்கதான் சரக்கு இறக்குவோம்னு ஜனங்க பேசினாங்க. 70 வயசு வரைக்கும் அங்கதான் இருந்தாரு. இந்தப் பாதிக் கதையைத்தான் எழவு வீட்டுல எல்லாரும் சொன்னாங்க. முன்பாதி யாருக்கும் ஞாபகம் இல்லை.

நானும் யோக்கியன் இல்லைங்க. 1995-ல மோட்டார் காயில் போயிடுச்சு, அவசரமா பணம் வேணும். பிடுங்கின மல்லாட்டையைச் சரியா காய வைக்காம பதினாலு மூட்டை டெம்போவுல ஏத்திக்கிட்டுப் போனேன். ஈரம் இருந்தா எடை நிக்கும். நம்ம மாமாதானேன்னு ஒரு தைரியம். அவரு ஒரு காயை எடுத்துக் காதுகிட்ட ஆட்டினாரு. காஞ்ச காய் கலகலங்கும். அது சத்தமே போடலை. "மாப்ள, ரெண்டு நாள் காய வச்சு எடுத்துக்கிட்டு வா"ன்னு சொல்லிட்டு அடுத்த ஆளோட சீட்டை எழுத ஆரம்பிச்சிட்டாரு. போக வர டெம்போ வாடகை என் தலையில விழுந்துச்சு. ஆறு மாசம் அவரோட பேசலை.

இன்னிக்குத்தான் புரியுது. என் ஈரத்தை அவரு கண்டுக்காம விட்டிருந்தா, முதலாளி கேட்ட ஒரு கிலோவை மறுக்க அவருக்கு வாயே இருந்திருக்காது. அவரு நேரா இருக்கறதுக்கு அத்தை விரல் வெடிச்சுது, பொண்ணு படிப்பு போச்சு. நான் கொடுத்தது ஒரு டெம்போ வாடகை. அதுக்கே எனக்கு அவ்வளவு கோபம்.

குடும்பம் கொடுத்த விலை அவருக்குத் தெரியாம இல்லை. அத்தைக்குக் கையும் காலும் விழுந்தப்புறம் ஒன்பது வருசம் அவருதான் சமைச்சாரு, குளிப்பாட்டினாரு, தலை பின்னி விட்டாரு. நான் ஒரு தடவை போனப்ப ரசத்துக்குப் புளி கரைச்சுக்கிட்டு இருந்தாரு. எதுக்கு மாமா இந்த வயசுல, ஒரு ஆளை வச்சுக்கலாமேன்னேன். "அவ உடைச்ச மல்லாட்டைக்கு நான் எத்தனை வருசம் அடுப்பு பத்த வச்சாலும் கணக்கு நேராகாது மாப்ள"ன்னாரு. பெரிய பொண்ணோட மகள் காலேஜ் சேர்ந்தப்ப மூணு வருசமும் அவருதான் பணம் கட்டினாரு. மத்த பேரப்பிள்ளைங்களுக்கு அப்படிக் கட்டலை. ஏன்னு யாரும் கேட்கலை, அவரும் சொல்லலை.

காரியம் முடிஞ்ச அன்னிக்குப் பெரிய பொண்ணு திண்ணையில உக்காந்திருந்துச்சு. இப்ப அதுக்கே அறுபது வயசு. என்கிட்ட மெதுவா சொல்லிச்சு. "அப்பா அந்த இன்னொரு கிலோவையும் எழுதியிருந்தா நான் பத்தாவது முடிச்சிருப்பேன்பா. எழுதலைன்னுதான் இன்னிக்கு இத்தனை பேரு வந்து அழறாங்க. ரெண்டுமே எங்க அப்பாதான்." கோபமா சொன்ன மாதிரியும் இல்லை, பெருமையா சொன்ன மாதிரியும் இல்லை.

இப்ப எல்லாம் எலக்ட்ரானிக் தராசு வந்துடுச்சு. விலை போன்லயே வந்துடுது. கமிட்டியில, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல, ஏலம் விடறாங்க. ஆனாலும் எண்ணைப் பார்த்து எழுதறது ஒரு மனுஷன் கைதான். அந்தக் கை நேரா இருக்கணும்னு எல்லாரும் ஆசைப்படறோம். நேரா எழுதினதுக்காக ஒருத்தனுக்கு வேலை போனா, அவன் பாடு அவனுக்குன்னு இருந்துடறோம். அப்புறம் 91 வயசுல பேனர் வைக்கிறோம்.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருப்பாரு. பொய்க் கணக்குல கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லி ஓரங்கட்டப்பட்டவரு. அவரைப் பின்னாடி நல்லவர்னு சொல்றதுக்கு முன்னாடி, இப்ப அவரு வீட்டுல அரிசி இருக்கான்னு பாருங்க. பசங்களுக்கு ஃபீஸ் கட்டியாச்சான்னு கேளுங்க. உங்க வீட்டுலயே ஒரு நல்ல அப்பாவோ தாத்தாவோ இருந்தா, அந்த நல்ல பேருக்கு யாரு விரல் வெடிச்சதுன்னு, சொல்றதுக்கு ஆளு இருக்கும்போதே கேட்டு வச்சுக்கோங்க. எங்க அத்தைகிட்ட நான் கேட்கலை. அவங்க போய் பத்து வருசமாச்சு.

இந்தப் போக மல்லாட்டை களத்துல காயுது. வர்ற வாரம் பெரிய பொண்ணு வீட்டுக்கு ஒரு மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கலாம்னு இருக்கேன். எங்க அப்பா கொடுத்தனுப்பாத மரக்காவுக்கு அது ஈடாகாது. ஆனா காதுகிட்ட ஆட்டிப் பார்த்துட்டுத்தான் மூட்டை கட்டுவேன்.