ஊரடங்கு அவளுக்கு மட்டும் இல்லையாம்

2020 மார்ச் 20. நாடு முழுக்க ஊரடங்கு. சில நாள் முன்பே கம்பஸை மூடிவிட்டதால் நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்திருந்தோம். ரீவியில் எல்லாரும் "வீட்டிலேயே இருங்கள்" என்றார்கள். எங்கள் அம்மாமார் மட்டும் வழமைபோல பெரட்டுக்குப் போய், கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறினார்கள். தேயிலை அத்தியாவசியமாம், டொலர் வேணுமாம். அதைப் பறிக்கிற கை மட்டும் அத்தியாவசியம் இல்லையா? அந்தக் கைக்கு அப்போது அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபாய்.

"கொரோனாவுக்கு இனம் தெரியாது, பணம் தெரியாது" என்று இன்னமும் சொல்கிறவர்கள் ஒருதரம் லயத்துக்கு வாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் ஆறு பேர், பல வீட்டுக்கும் ஒரே பீலி. இதில் யார் யாரை விட்டு ஒரு மீற்றர் தள்ளி நிற்பது?

கொழும்பில் கடையிலும் வீட்டுவேலையிலும் இருந்த பிள்ளைகள் வேலை போய்த் திரும்பி வந்தார்கள். உலைக்குப் போடும் அரிசி கூடியது, வருமானம் கூடவில்லை. மலையால் இறங்கி வந்தவளுக்குத் தண்ணி, விறகு, சமையல் எல்லாம் அப்படியே காத்திருந்தது. சின்னவனின் ஒன்லைன் வகுப்புக்கும், எங்களுடைய ஸூம் வகுப்புக்கும் டேட்டா போட்டது அவளுடைய கைக்காசுதான். இதை எழுதவே எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபாய் வந்தது. பல வருடப் போராட்டம் அது. கம்பனிகள் உடனே நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். எட்டாதவளுக்கு அரைப்பேர். அறிவித்தது ஆயிரம், கையில் வந்தது வேறு.

தொழிற்சங்கங்களையும் கேட்கிறோம்: சந்தா கட்டுகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். சம்பளம் பேசுகிற மேசையில் எத்தனை பெண்கள் இருந்தார்கள்? எங்கள் பீடத்தையும் கேட்கிறோம்: "பெருந்தொற்றும் பெண்களும்" என்று பேசும்போது, வீட்டிலிருந்து வேலை செய்தவளின் களைப்பு மட்டும்தான் ஏன் ஞாபகம் வருகிறது? வீட்டில் இருக்கவே விடப்படாதவள் அந்தத் தலைப்புக்குள் வரமாட்டாளா?

எங்களுக்கு நன்றியுரையும் வேண்டாம், "முன்கள வீராங்கனை" பட்டமும் வேண்டாம். வேலைக்கு வந்த நாளுக்கு முழுப்பேர் போடுங்கள். லயத்துக்குப் பதிலாகக் காணியும் வீடும் அவள் பெயரில் எழுதிக் கொடுங்கள். சம்பளம் பேசும்போது அவளை உள்ளே கூப்பிடுங்கள். அடுத்த தொற்று வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்க எங்களால் ஏலாது.